மாஸ்டரின் பிரஷர் நோட்டு

அட்டைப்பெட்டி ஆலையில் தினமும் அறுநூறு பேர் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, கையைக் கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு ஆக்கிப்போடுகிற கேன்டீன் மாஸ்டரிடம் ஒருத்தராவது, "நீங்க சாப்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா? கேட்டால் வாயா வலித்துவிடும்! மாஸ்டரும் அதையெல்லாம் எதிர்பார்க்கிற ஆள் இல்லை. காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார். மூன்று மணிக்கு அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேருந்து பிடிப்பார். மாடியிலுள்ள ஒற்றை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாரென்றால் மறுநாள் காலைவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சொல் வர வேண்டுமென்றால் எதிரே ஓர் ஆள் வேண்டுமே.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வேண்டாமென்று சொன்னதே இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் தலை நரைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் "பார்க்கலாம்" இருக்கிறதே, அதுதான் இந்த மனிதரைப் பிடித்த சனி. அது அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

உலகத்தில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. ஊரின் இன்னொரு கோடியில், இரண்டு பேருந்து மாறிப்போக வேண்டிய தூரத்தில் இருந்தாள். புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். ஒரே பெண் வெளியூரில் வேலையில் இருந்தாள். போன வருஷம் தங்கச்சிக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால், "இரண்டு கிட்னியும் போச்சு, ரொம்ப நாளாக் கவனிக்காத பிரஷர்தான் காரணம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறாள். பெண் தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று அழுதாள். "வாழப்போற பொண்ணு வயித்துல கத்தி வைக்க விடமாட்டேன், டெஸ்டுக்குக்கூட நீ வரக் கூடாது" என்று தங்கச்சி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"நான் குடுக்கறேன்," என்றார் மாஸ்டர். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பார்க்கலாம் என்று சொல்லாமல் சொன்ன வார்த்தை அது.

தங்கச்சி அதைப் பாசம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அது மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆலையில் மருத்துவ முகாம் நடந்தது. மாஸ்டரின் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்த டாக்டர் இரண்டாவது தடவையும் பார்த்தார். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். "நாப்பத்தெட்டு வயசுல ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு. மூணாம் நாள் போயிட்டாரு," என்றார் மாஸ்டர். கூடப் பிறந்தவர்கள்? ஒரு தங்கச்சி. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "இது உங்க குடும்பத்துல வர்றது. வலி இருக்காது, ஒண்ணும் தெரியாது. தங்கச்சியையும் ஒரு தடவ பாத்துக்கச் சொல்லுங்க," என்றார்.

சொல்லவில்லை. சண்டையா, சச்சரவா, ஒரு மண்ணும் கிடையாது. போனில் சொல்கிற விஷயமா, நேரில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். நேரில் போனபோது மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், சிரிப்பும் சாப்பாடுமாக இருந்தது, அந்த நேரத்தில் நோய்ப் பேச்சு எதற்கு என்று விட்டார். அடுத்த தடவை மறந்தே போனார். மாத்திரையையும் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார். உடம்புக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே! இப்போது தங்கச்சியின் கிட்னி இரண்டும் போன பிறகுதான் அந்த டாக்டர் முகம் தினமும் கண்முன்னால் வந்து நிற்கிறது. கிட்னியைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், அவளுக்கு அந்தச் சங்கதி தெரியவே வேண்டியதில்லை. இதுதான் அவர் மனசில் போட்டுவைத்திருந்த திட்டம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். "அண்ணன் தங்கச்சின்னா இப்படி இருக்கணும்," என்று நர்ஸம்மா சந்தோஷப்பட்டாள். கிட்னி கொடுக்கிறவர்களையெல்லாம் கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு. அப்புறம் மாஸ்டரின் பிரஷரைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்திரண்டு. முகம் சுருங்கியது.

"உங்களுக்கு முன்னாடி பிரஷர் இருந்திருக்கா சார்?"

"எனக்கா? சேச்சே!" என்றார் மாஸ்டர். வாய் கூசவில்லை பாருங்கள்.

ஆஸ்பத்திரிப் படபடப்பில் சிலருக்கு ஏறும், வீட்டில் பார்த்தால்தான் நிஜம் தெரியும் என்று சொல்லி, கையில் கட்டும் மெஷினும் ஒரு நோட்டும் கொடுத்தாள். ஆறு வாரம். காலையில் இரண்டு தடவை, சாயந்திரம் இரண்டு தடவை. மேல் எண் நூற்று முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை மேஜை மேல் இருக்க வேண்டும்.

"அளக்கும்போது யார்கிட்டயும் பேசக் கூடாது, சரியா?"

"அதுக்குக் கஷ்டமே இல்லம்மா," என்றார் மாஸ்டர்.

அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, ட்ரங்குப் பெட்டியை மேஜையாக்கி உட்கார்ந்தார். அளவுகள் இறங்கவில்லை. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்தாறு. ஒரு நாள் பேனாவை எடுத்து நூற்று முப்பது என்று எழுதப்போனார். மெஷின் எல்லாவற்றையும் உள்ளே ஞாபகம் வைத்திருக்கும் என்று நர்ஸம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளதையே எழுதினார்.

சாப்பாட்டில் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தாள். மாஸ்டர் உப்பு டப்பாவையே தூக்கி வெளியே போட்டுவிட்டார். உப்பில்லாத சோறு, உப்பில்லாமல் வேகவைத்த காய், பழம். அறுநூறு பேர் நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கிற மனிதர், ராத்திரி ஒற்றைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மண்ணைத் தின்பதுபோல அதைத் தின்றார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மாஸ்டரே, உங்க தலையெழுத்து இப்படியா ஆச்சு?" என்று கிண்டல் செய்திருந்தாலாவது ஒரு வாய் கூடுதலாக இறங்கியிருக்கும். பாவம், அந்தக் கிண்டலுக்கும் வழியில்லை.

டயாலிசிஸ் நாட்களில் வேலை முடிந்ததும் தங்கச்சியைப் போய்ப் பார்ப்பார். அவள் ஒரு நாள் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள்: "எல்லாம் என் தப்புதான் அண்ணே. நான் வாயக் கட்டல. எதைத் தின்னாலும் உப்பை அள்ளிப் போட்டுத் தின்னேன். அவர் போனதும் கவலையை வேற சேத்துக்கிட்டேன். நானா இழுத்துவிட்டுக்கிட்ட வினை."

"அதெல்லாம் இல்லம்மா," என்றார் மாஸ்டர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றுகிறது. வீட்டுக்குப் போய் அளந்தார். நூற்று ஐம்பத்தாறு.

நாலாவது வாரம் பாய்லர் சோதனைக்காக ஆலையை ஏழு நாள் மூடினார்கள். மாஸ்டர் அறையிலேயே கிடந்தார். மூன்றாம் நாளிலிருந்து எண்கள் இறங்கின. நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்து மூன்று. கடைசி நாள் நூற்றிருபத்தொன்பது! மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் கீழே இறங்கிப் போய், துணி தேய்க்கிறவரிடம், "நூத்தியிருபத்தொம்போது," என்றார். அவர், "எந்தச் சட்டை நம்பர்?" என்று கேட்டார்.

ஆலை திறந்தது. நாலே நாளில் பழையபடி நூற்று நாற்பத்தேழு. நர்ஸம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேலைல டென்ஷனா சார்?"

"இல்லம்மா. முப்பது வருஷமா அதே அடுப்பு, அதே அண்டா."

"அங்க என்ன சாப்பிடுறீங்க?"

"பச்சத் தண்ணிதான். அடுப்பங்கரைல நின்னு நான் சாப்பிடறதே கிடையாது."

அவள் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப உப்பு, காரம் சரியா இருக்கான்னு யாரு பாக்கறது?"

"இதென்னம்மா கேள்வி? நான்தான். ஒரு கரண்டி உள்ளங்கைல ஊத்தி..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ?"

மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். பருப்பு மூன்று அண்டா, சூப் இரண்டு அண்டா, கறி நாலு அடுப்பு, கொதிக்கும்போது, உப்புப் போட்டதும், இறக்கும்போது, பரிமாறப் போகும்போது, சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை. நாற்பது வந்தது. நர்ஸம்மா காகிதத்தில் பெருக்கினாள். நாற்பது கரண்டி என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர். அதிலே முக்கால் ஸ்பூன் உப்பு. நாள் முழுக்க ஒரு ஆள் சாப்பிடலாம் என்கிற அளவில் பெரும்பங்கை இந்த மனிதர் ருசி பார்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். சமையல்காரனுக்கு ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேர்த்தியா என்ன? தையல்காரர் வாயில் கவ்விய ஊசியைத் தின்றதாக யாராவது சொல்வார்களா? அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாளிலிருந்து மாஸ்டர் ருசி பார்ப்பதை நிறுத்தினார். காய் நறுக்குகிற அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் என் நாக்கு," என்றார். அக்காவுக்கு ஒரே பெருமை. ஒவ்வொரு கரண்டிக்கும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தீர்ப்புச் சொல்கிற தோரணையில், "இன்னும் ஒரு பிடி," என்பாள். மாஸ்டர் உப்பைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு தயங்குவார். முப்பது வருஷமாக அவருடைய நாக்கு சொன்னதைத்தான் கை போட்டது. ஆனால் நோட்டில் எண்கள் இறங்கின. ஆறாவது வாரம் நூற்றிருபத்தெட்டில் வந்து நின்றது.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, அதிலிருந்து வரும் பட்டையைக் கையில் சுற்றி, இருபத்து நாலு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பகலில் அரை மணிக்கு ஒரு தடவை, தூங்கும்போது மணிக்கு ஒரு தடவை அது தானாகவே இறுக்கி அளக்கும். இறுக்கும்போது கையை ஆட்டாமல், பேசாமல் நிற்க வேண்டும். வேலைக்கு எப்போதும் போலப் போகலாம்.

மாஸ்டர் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனார். அரை மணிக்கு ஒரு தடவை யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போவது போல இருந்தது. அந்தக் கையை அப்படி யாரும் பிடித்து எத்தனை வருஷம் ஆகிறதென்று நினைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தார்.

பார்த்து அன்றைக்குத்தானா அக்கா பல் பிடுங்கப் போக வேண்டும்! ருசி பார்க்க நாதியில்லை. சூப்புக்கு உப்புப் போட்டாயிற்றா, இல்லையா? முன்பெல்லாம் இந்தச் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும். இன்றைக்கு வைக்க மாட்டேன், தலையே போனாலும் வைக்க மாட்டேன் என்று நின்றார் மாஸ்டர். யோசித்து யோசித்து, போடவில்லை என்ற முடிவுக்கு வந்து, போட்டார். அது இரண்டாவது தடவை.

மத்தியானம் அறுநூறு கிண்ணங்களும் அப்படியே திரும்பி வந்தன. "மாஸ்டர் கடல்ல மொண்டு ஊத்திட்டாருடா!" என்று கூச்சல். மேனேஜர் நேராக அடுப்பங்கரைக்குள்ளேயே வந்துவிட்டார். "முப்பது வருஷ சர்வீஸ் ஆளு செய்யற வேலையா இது? வாயத் தொறந்து பதில் சொல்லுங்க!" அந்த நேரம் பார்த்துப் பட்டை இறுக ஆரம்பித்தது. மாஸ்டர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சிலை மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். "என்ன திமிரு பாத்தியா!" என்றார் மேனேஜர். பட்டை தளரும்வரை மாஸ்டர் அசையவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தங்கச்சிக்காக ஒரு காரியத்தைப் பாதியில் விடாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்று நெஞ்சில் ஒரு நிம்மதி இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர், பெட்டி அளந்து கொடுத்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பகல்ல நல்லா இருக்கு. சராசரி நூத்தியிருபத்தெட்டு."

மாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"ஆனா தூங்கும்போது எல்லாருக்கும் இறங்கணும். உங்களுக்கு ஏறுது. ராத்திரி சராசரி நூத்தி நாப்பத்திரெண்டு."

அறுநூறு பேர் சேர்ந்து திட்டிய பகலில் நூற்றிருபத்தெட்டு. யாரும் திட்டாத, யாருமே இல்லாத அறையில் படுத்துக் கிடந்தபோது நூற்று நாற்பத்திரண்டு. என்ன கொடுமை இது!

"இன்னும் கொஞ்சம் உப்பைக் குறைச்சா..."

"உப்பால ஏறினதை இறக்கிட்டீங்க. அதுக்கே உங்களைப் பாராட்டணும். மிச்சம் இருக்கறது பிறவியிலயே வந்தது. உங்க தங்கச்சிக்கு வந்ததும் இதுதான். எது உங்க ரெண்டு பேரையும் அவ்வளவு பொருத்தமா வச்சிருக்கோ, அதே ரத்தம்தான் வேண்டாங்குது. ஒரு கிட்னிய எடுத்துட்டா பத்து வருஷத்துல நீங்களும் அவங்க பக்கத்து நாற்காலில இருப்பீங்க. நான் எடுக்க மாட்டேன்." டாக்டர் பேனாவை மூடினார். "இதுக்கு முன்னாடி யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?"

மாஸ்டர் இந்தத் தடவை சேச்சே என்று சொல்லவில்லை. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி சொன்னாங்க."

"உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

மாஸ்டர் பிரஷர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார்.

டயாலிசிஸ் கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. அன்றைக்குக் காலை முறை, தங்கச்சி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"வேணாம்னுட்டாங்களா?"

"ம்."

"போகட்டும் விடு. கிட்னி வரிசைல பேர் குடுத்திருக்கேன். வரும்போது வரட்டும். நீ நல்லா இருந்தா போதும் எனக்கு."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கொடுக்கக் கையில் வேறொன்றும் மிச்சமில்லை. முகாமில் டாக்டர் கேட்டது, சொன்னது, தான் சொல்லாமல் விட்டது, முதல் நாள் நர்ஸம்மாவிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். "நீ உப்புத் தின்னதால மட்டும் வரலம்மா. உன் தப்பு இல்ல. நான் அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதைக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தங்கச்சி தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷமா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வந்திருக்கே. எங்க அடுப்பங்கரைல நின்னு சமைச்சிருக்கே. அவர் உன்னக் கேலி பண்ணிப் பண்ணிச் சிரிச்சாரு."

"ஆமா."

"அப்பக்கூட சொல்லணும்னு தோணல."

"தோணுச்சு. அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "உன்னக் கிழிகிழின்னு கிழிக்கணும் போல இருக்கு அண்ணே. ஆனா இங்க படுத்துக்கிட்டுக் கத்தினா பிரஷர் ஏறும், நர்ஸ் வந்து என்னத் திட்டுவா. நாலு நாள் என் கண்ணுல படாதே. வீட்டுல உக்காந்து உன்ன நல்லா திட்டித் தீத்துக்கறேன். அஞ்சாம் நாள் வா."

மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

"எங்க போறே? ஒரு வேலை இருக்கு. என் பொண்ணுக்குப் போன் போடு. எனக்குச் சொல்லாதத அவளுக்குச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்."

"இப்ப அவ ஆபீஸ்ல இருப்பா. சாயந்திரமாப் பாத்து..."

"அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "மாமா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?" மாமா போன் செய்கிற வழக்கமே இல்லை, பாவம், பதறிப்போய்விட்டாள்.

"அம்மா நல்லா இருக்கா பாப்பா. இது உன் விஷயம். உங்க தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கு, உங்க அம்மாவுக்கு இருக்கு. பிரஷர். வலிக்காது, ஒண்ணும் தெரியாது. உனக்கும் இருக்கலாம். இன்னிக்கே போய்ப் பாத்துடு. நாளைக்குன்னு வைக்காதே."

"இன்னிக்கே போறேன் மாமா." போனை வைக்கப்போனவள் கேட்டாள்: "வம்சத்துல வர்றதுன்னா அம்மாவுக்கு முன்னாடியே யாரும் சொல்லலையா? சொல்லியிருந்தா பாத்திருப்பாங்கல்ல?"

"பாத்திருப்பா," என்றார் மாஸ்டர். "சொல்ல வேண்டியவன் நான்தான் பாப்பா. நான் சொல்லல."

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றார்.